பிரதிவாதி, குழாய் எண் பதினேழு

என் மேல் இதுவரை ஒரே ஒரு கேஸ்தான் நடந்திருக்கிறது. அதையும் நானே சரி என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். கேஸ் போட்டவர், எனக்குத் தினமும் காலையில் கேட் வழியாக இட்லி கொடுத்துக்கொண்டிருந்த அக்கா. என்னைக் கோர்ட்டுக்கு அழைத்துப்போனது அந்த அக்காவின் வக்கீல். தன் வண்டியிலேயே, பின் சீட்டில் உட்கார வைத்து.

எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரே இடத்தில் ஒரு வருஷம் முழுதாக இருந்ததாக ஞாபகம் இல்லை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வேலிக்கம்பிக்கு பெயின்ட் அடித்திருக்கிறேன். வெள்ளானூரில் பிளாட் போட்ட ஒரு பொட்டலில் எல்லைக் கற்களுக்குக் காவல் இருந்திருக்கிறேன். கல்லைத் திருட யாரும் வரவில்லை, ஆடுகள்தான் வந்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போயின. அம்பத்தூரில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்த்தேன். திடீரென்று ஒரு நாள் காலையில் அங்கே இருக்கப் பிடிக்காது, கிளம்பிவிடுவேன். அப்படித்தான் நூம்பலுக்கு வந்தேன். அங்கே பாதாளச் சாக்கடைக்காகப் பெரிய பெரிய சிமென்ட் குழாய்கள் லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார் கான்ட்ராக்டரின் மேஸ்திரி. தங்க இடம் உண்டா என்று கேட்டேன். குழாயைக் காட்டினார்.

குழாய் மோசமான வீடு இல்லை. குனிந்து நிற்கலாம், நீட்டிப் படுக்கலாம். இரண்டு பக்கமும் வாசல். மழை சாய்வாக அடித்தால் மட்டும் நடுவில் உட்கார வேண்டும். அட்டையை விரித்து, ஒரு பக்கம் சாக்கு தொங்கவிட்டேன்.

அந்த வேலை ஒரு கழகத்துடையது. கட்சி இல்லை. அரசாங்கம் தன்னால் முடியாத வேலைக்காகத் தனியாகப் பிரித்துவைத்த கம்பெனி மாதிரி ஒன்று. கேட்டால் அரசாங்கம் என்பார்கள், இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் அரசாங்கம் இல்லை என்பார்கள். தெருவின் ஒரு பாதியில் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். பிறகு ஒரு நாள் மேஸ்திரி ஊருக்குப் போனார். பொக்லைனும் போனது. தெருவில் மிஞ்சியது ஒரு குழாயும் நானும். வாய் விளிம்பின் உச்சியில் சிவப்பு பெயின்ட்டில் பதினேழு என்று எழுதியிருந்தது.

அந்தக் குழாய் சரியாக அக்காவின் கேட்டுக்கு முன்னால், மதிலை ஒட்டி நீளவாக்கில் கிடந்தது. கேட்டுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. என்னைப் போல ஒட்டின வயிறுக்காரன் பக்கவாட்டில் நுழையலாம். அக்காவால் முடியாது. அவருக்குச் சின்ன வயசிலேயே இரண்டு காலும் சூம்பிப்போய்விட்டன. இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்துத்தான் நடப்பார். வெளியே போவதெல்லாம் பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டியில். அந்த ஸ்கூட்டி இப்போது கேட்டுக்கு உள்ளே நின்றது. அக்காவும் உள்ளே.

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. லேத்தில் கடைந்து வரும் சின்னச் சின்ன இரும்பு உருளைகளை அளந்து பார்த்து, தேறும் தேறாது என்று பிரிப்பது. ஒரு முடியளவு கூடினாலும் தேறாத பெட்டிக்குப் போய்விடும். இருபது வருஷமாக அதே மேசை. கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆயுத பூஜை வரைக்கும் இடத்தைக் காலியாக வைத்திருப்போம், அதற்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் முடியாது என்று போனில் சொல்லியிருந்தார்கள். அம்மா போன பிறகு அக்காவுக்கு வீட்டில் வேறு யாருமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போக முடியாமல், கேட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் பிரசங்கம் கேட்பார். குழாய்க்குள் படுத்திருக்கும் எனக்கும் கேட்கும்.

அவருக்குக் காய்கறி, மாத்திரை எல்லாம் வாங்கி வந்து கொடுத்தது நான்தான். அவரை அடைத்து வைத்திருந்த குழாயில் குடியிருந்ததும் நான்தான். இதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், இட்லித் தட்டை நீட்டும்போது, "உன் வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கக் கூடாதா தம்பி" என்றார்.

முதலில் மனு எழுதினோம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், பிழையை அவர் திருத்துவார், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். நாலாவது மனுவுக்குப் பிறகு கழகத்தின் உதவிப் பொறியாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனிதர். ஒரு நீளமான பதிவேட்டைத் திறந்து விரலால் வரிசையாக இறங்கி வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். பதினேழாம் எண் குழாய் பதிக்கப்பட்டு, மூடப்பட்டு, மேலே தார் போடப்பட்டுவிட்டது என்று அங்கே எழுதியிருந்தது.

"ரெக்கார்டு படி பதினேழு பூமிக்கு அடியில இருக்குப்பா."

"அப்ப நான் எங்க சார் படுத்துகினு கீறேன்?"

அவர் பதிவேட்டை மூடினார். அது அவருடைய பதிவேட்டில் வராது என்றார். அதோடு ஒன்று சொல்லி அனுப்பினார். அந்தக் குழாயை யாராவது தொட்டால் அரசுச் சொத்துக்குச் சேதம், போலீஸ் கேஸ். அடியில் இருக்கிற குழாயை மேலே இருந்து எப்படித் தொடுவது என்று கேட்க நினைத்தேன். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டார், கேட்கவில்லை.

தெரு முனையில் ஒரு பாய் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பூந்தமல்லிக்காரர். தெருவில் பாதி கேட்டுகள் அவர் செய்தவை, அக்கா வீட்டுக் கேட்டும் அவர் வேலைதான். தான் செய்த கேட்டு திறக்காமல் இருப்பது அவருக்குத் தாங்கவில்லை. "இன்னா மாமே, பங்களாகாரன் மாறி ரெண்டு பக்கமும் காத்து வர ஊடு கட்டிக்கினு கீற. நம்ம கேட்டு துரு புடிச்சிக்கினு கீது" என்பார். அவர்தான் வக்கீலைக் கூட்டி வந்தார். பட்டறைக்குப் பக்கத்து மாடியில் குடியிருந்தவர். ஒல்லியான ஆள், துணிப்பையில் கட்டுக்கட்டாகக் காகிதம். நஷ்டஈடு வேண்டாம், வழி மட்டும் வேண்டும் என்று அக்கா சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போனது. ஃபீஸ் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டுக்கு வெளியே, குழாய் வாயில் உட்கார்ந்து சட்டத்தைச் சொன்னார். அக்கா உள்ளே நாற்காலியில், நான் குழாய்க்குள்.

இந்தக் கழகத்துக்கு என்று தனிச் சட்டம் உண்டாம். அதன் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்து இரண்டு மாதம் முழுதாக முடிய வேண்டும். அதற்கு முன்னால் போட்டால் வழக்கு நிற்காது. ஆனால் சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதற்குப் பின்னால் போட்டாலும் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் சரியாகப் போட்டாலும், நல்லெண்ணத்தில் செய்த காரியம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் அப்போதும் நிற்காது.

அக்கா இதை ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டார். குழாய் வந்து இறங்கி அப்போது மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய கணக்கில், வழக்குப் போடக் கிடைக்கிற இடைவெளி சில வாரங்கள்தான். கேட்டுக்கும் குழாய்க்கும் இருக்கிற இடைவெளி மாதிரி இருக்கிறது என்றார்.

ஏன் இரண்டு மாதம் என்று நான் கேட்டேன். யோசித்துத் தவறைத் திருத்திக்கொள்ள கழகத்துக்கு நேரம் கொடுப்பதற்காக என்றார் வக்கீல். ஒரு குழாயைப் பற்றி இரண்டு மாதம் என்ன யோசிப்பார்கள் என்று பாய் கேட்டார். வக்கீல் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து நோட்டீஸை எழுத ஆரம்பித்தார்.

நோட்டீஸை நான்தான் நகரத்துத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தபாலில் அனுப்பினால் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்பதால், நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்கி வர வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து அதை மூன்று தடவை படித்தேன். என் வாழ்க்கையில் முழுதாகப் படித்த நீளமான காகிதம் அதுதான். 'மேற்படி குழாய் மேற்படி இடத்தில் இன்றளவும் அப்படியே கிடக்கிறது' என்ற வரி எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் என் பெயர் இல்லை என்றாலும் என்னைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது. தபால் வாங்குகிற பெண் சீல் குத்தினார். அன்றிலிருந்து கழகம் யோசிக்க ஆரம்பித்தது.

மூன்று வாரம் போயிருக்கும். கம்பெனியிலிருந்து அக்காவுக்குப் போன். நீண்ட விடுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் மறுநாளே நேரில் வந்து கம்பெனி டாக்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் தானாகவே வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்கள். வேறு தேதி கிடையாது. அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியைப் பார்த்தபடி இருந்தார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் அன்று பிரசங்கம் வைக்கவில்லை.

மறுநாள் பாய் கடப்பாரைகளோடு வந்தார். பட்டறையில் வேலை செய்கிற மூன்று பேர், அவர், நான். போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று பேசினோம். ஒரு நாள்தானே, போய்விட்டு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. என் அட்டையையும் சாக்கையும் வெளியே எடுத்தேன். தொடுவதற்கு முன்னால் அக்கா ஒன்று சொன்னார்: முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். தன் டேப்பை என்னிடம் கொடுத்தார். கேட் தூணிலிருந்து குழாயின் இந்த முனைக்கு எவ்வளவு, அந்த முனைக்கு எவ்வளவு, மதிலிலிருந்து எவ்வளவு. நான் அளந்து சொல்ல, அவர் எழுதினார். சிமென்ட் தரையிலும் தூணிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு கோடு கோணலாக இருக்கிறது என்று அழித்துப் போடச் சொன்னார்.

பிறகு கடப்பாரையைக் கொடுத்து நெம்பினோம். முதலில் அது அசையவே இல்லை. அப்புறம் ஒரு முனகல் முனகிவிட்டு, தெருவைத் தாண்டி எதிரே இருந்த காலி மனையின் ஓரம் வரை தானே போய் நின்றது. கேட் திறந்தது. துரு பிடித்த சத்தம் கேட்டு பாய் முகத்தைச் சுளித்தார். அக்கா ஸ்கூட்டியில் வெளியே வந்தார். தெருவின் நடுவில் ஒரு நிமிஷம் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். டாக்டரைப் பார்த்தாகிவிட்டது, கையெழுத்து ஆகிவிட்டது, மேசை இன்னும் காலியாகவே இருக்கிறது. ஆனால் யாரோ அதன் மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள் என்றார். ஸ்கூட்டியை உள்ளே விட்டார். நாங்கள் ஐந்து பேரும் குழாய்ப் பக்கம் நின்றோம்.

குழாய் எதிர்ப்பக்கம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கிடந்தது. காலி மனைக்காரர் எங்கேயோ வெளிநாட்டில். அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். முடியாமல் செய்தது நான்தான். எனக்கு அந்த வரி ஞாபகம் வந்தது. மேற்படி இடத்தில் இன்றளவும் அப்படியே கிடக்கிறது. நாளைக்குக் கழகத்திலிருந்து ஆள் வந்து பார்த்து, இங்கே இல்லையே என்றால்? நோட்டீஸ் பொய்யாகிவிடும். மூன்று வாரம் யோசித்தது வீணாகப் போகும். அப்புறம் அவர்கள் போலீஸோடு வந்து திரும்பவும் கேட்டுக்கு முன்னால் வைத்தால், புது நோட்டீஸ், புது இரண்டு மாதம். அதற்குள் ஆயுத பூஜை போய்விடும்.

இதைச் சொன்னதும் எல்லாரும் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்கள். எட்டாவது படித்தவனுக்கு அது பெரிய விஷயம். கேஸ் நிற்கணும்னா சாட்சி நிற்கணும் என்றார் பாய். அக்கா காலையில் எழுதிய அளவுகளை எடுத்துப் பார்த்தார். அவர் வேலையில் ஒரு பொருளை அளந்து பார்த்தால் எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பதுதான் பழக்கம். கடைசியில் கேட்டை உள்ளேயிருந்து அவரே சாத்தினார்.

"உருட்டுங்க" என்றார்.

மத்தியானம் தெருவில் யாரோ தண்ணீர் விட்டிருந்தார்கள். நடுத்தெருவில் சேறு. அங்கே வந்தபோது குழாய் உருளாமல் நாலைந்து அடி சும்மா சறுக்கியது. அப்புறம் மறுபடி உருண்டு வந்து சாக்பீஸ் கோட்டில் நின்றது. அக்கா உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல, கடப்பாரையால் இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் நகர்த்தினோம். மூன்று அளவும் காலையில் இருந்தது போலவே வந்தது. தேறியது என்றார் அக்கா. நான் அட்டையை விரித்துப் படுத்தேன்.

பத்து நாள் கழித்து உதவிப் பொறியாளர் வந்தார். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். கழகம் யோசித்து முடித்துவிட்டது என்று நினைத்தோம். அவர் தன் போனில் ஒரு போட்டோ வைத்திருந்தார், குழாய் இறங்கிய அன்று எடுத்தது. அதைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு போனைச் சாய்த்தார். போட்டோவில், கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் பதினேழு இருந்தது. இப்போது மூன்று இருக்கும் இடத்தில் படுத்துக்கொண்டிருந்தது. இடத்தை மூன்று பக்கமும் அளந்த நாங்கள், எண் எந்தப் பக்கம் பார்த்தது என்று பார்க்கவில்லை. சேற்றில் சறுக்கியதால் வந்த கால் சுற்று. எவ்வளவு சறுக்கியிருந்தால் எவ்வளவு திரும்பும் என்று அக்கா அப்புறம் கணக்குப் போட்டு, தன் மேலேயே கோபப்பட்டார்.

கழகத்தின் பதில் ஒரே வாரத்தில் வந்தது. இரண்டு மாதம் வேண்டியிருக்கவில்லை. பதிவேட்டின்படி பதினேழாம் எண் குழாய் பூமிக்கடியில் உள்ளது. கழகம் தெருவில் எதையாவது வைத்திருந்தாலும் அது நேராக வைக்கப்பட்டது, நல்லெண்ணத்தோடு வைக்கப்பட்டது. தற்போது அங்கே படுத்த எண்ணோடு கிடக்கும் குழாய் கழகத்தால் வைக்கப்பட்டது அல்ல, வேறு யாரோ வைத்தது. ஆகவே மேற்படி நோட்டீஸ் செல்லாது.

அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்தார். சண்டை போடவில்லை, அழவுமில்லை. அவங்க சொல்றது நிஜம்தானே தம்பி, நாமதானே வச்சோம் என்றார். அதுதான் எனக்கு என்னமோ போல இருந்தது. அன்று முழுக்க ஊரை விட்டுக் கிளம்பிவிடலாம் என்று கால் பரபரத்தது. சாக்கைச் சுருட்டிக்கூட வைத்தேன். ஆனால் நான் போனால் குழாய் கூடவே வராது.

மறுநாள் வக்கீல் வந்தார். பதிலைப் படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசி வரியை எங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். கழகம் வைக்கவில்லை என்று கழகமே எழுதிக் கொடுத்துவிட்டது. அப்படியென்றால் இது கழகத்தின் மேல் போடுகிற வழக்கே இல்லை. வைத்தது யாரோ அவன் மேல் போடலாம். சாதாரண ஆள் மேல் வழக்குப் போட நோட்டீஸ் வேண்டாம், இரண்டு மாதம் வேண்டாம், அவனுக்கு நல்லெண்ணமும் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு அவர் எங்கள் ஐந்து பேரையும் பார்த்தார். பாய் பட்டறையில் வேலை இருக்கிறது என்றார். நான் குழாய்க்குள் இருந்தேன்.

"தம்பி, உன் மேல போட்டுக்கலாமா?"

"போடுங்க சார். இதுவரிக்கும் யாரும் என் மேல எதுவும் போட்டதில்ல."

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நிரபராதி மேல் வழக்குப் போட்டு எனக்கு வேலை வேண்டாம் என்றார். நான்தான் உருட்டச் சொன்னேன், நான் நிரபராதி இல்லை என்று புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. ஜெயிலுக்குப் போக மாட்டேனே என்று வக்கீலிடம் நான் கேட்கவே இல்லை, அக்காதான் மூன்று தடவை கேட்டார். போக மாட்டான், இது வழி விடச் சொல்கிற வழக்கு என்றார் வக்கீல். கோர்ட் உத்தரவு இருந்தால் குழாயைத் தொட்டதற்காக யாரும் என்னைக் கேட்க முடியாது என்றார்.

பிரதிவாதிக்கு விலாசம் வேண்டும். எனக்கு ரேஷன் கார்டும் இல்லை, ஆதாரும் இல்லை. எங்கே குடியிருக்கிறானோ அதுதான் விலாசம் என்று சொல்லிவிட்டு வக்கீல் எழுதினார்: குழாய் எண் 17, வாதியின் வீட்டுக்கு எதிரில், நூம்பல்.

சம்மன் கொண்டுவந்த கோர்ட் அமீனா வயசான மனிதர், சைக்கிளில் வந்தார். விலாசத்தைப் படித்தார், குழாயைச் சுற்றி வந்தார், எண்ணைப் படிக்கக் கழுத்தைச் சாய்த்தார். கதவு இல்லாததால் சிமென்ட்டைத் தட்டினார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த எனக்கு மண்டைக்குள் மணி அடித்த மாதிரி இருந்தது. ஆள் இல்லாவிட்டால் வாசல் கதவில் ஒட்ட வேண்டும், இதற்கு எது வாசல் என்று என்னிடமே கேட்டார். தூங்கி எழுந்தால் கிழக்குப் பக்கம்தான் வருவேன் என்றேன். நல்லவேளை ஆள் இருக்கிறாய் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். அக்கா அவருக்கு மோர் கொடுத்தார்.

பூந்தமல்லி கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்றேன். எனக்கு வக்கீல் இல்லை. அக்காவின் வக்கீல் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். நீதிபதி ஓர் அம்மா. மனுவை ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி படித்தார்.

குழாயை வைத்தது நீதானா என்று கேட்டார். நான்தான் என்றேன். யாருடைய குழாய் என்று கேட்டார். தன் குழாய் பூமிக்கடியில் இருப்பதாகக் கழகம் எழுதிக் கொடுத்திருக்கிறது, வேறு யாரும் இதைக் கேட்டு வரவில்லை என்றேன். வக்கீல் அந்தக் கடிதத்தை நீட்டினார்.

"அந்தம்மா வாசல்ல எதுக்குப்பா கொண்டுபோய் வச்ச?"

"கேஸுக்காகம்மா."

"எந்தக் கேஸ்?"

"இது இல்லம்மா. அது வேற. அது நிக்கல."

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்தார். உன்னால் அதை எடுக்க முடியுமா என்று நீதிபதி என்னிடம் கேட்டார். ஐந்து பேர் இருந்தால் முடியும், ஏற்கெனவே இரண்டு தடவை உருட்டியிருக்கிறேன் என்றேன். அவர் உதட்டை அழுத்திக்கொண்டு எழுத ஆரம்பித்தார். பிரதிவாதி ஒப்புக்கொண்டதால், ஒரு வாரத்துக்குள் மேற்படி குழாயை வாதியின் வாசலிலிருந்து அகற்ற வேண்டும், இனி அங்கே வைக்கக் கூடாது. தோற்றவன் நான். வக்கீல் எனக்கு வெளியே ஒரு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

வாரம் எல்லாம் காத்திருக்கவில்லை. அன்று மத்தியானமே உருட்டினோம். உத்தரவை பாய் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கேட்டில் கட்டிவைத்தார், யாராவது கேட்டால் காட்ட. யாரும் கேட்கவில்லை. குழாய் இந்தத் தடவை சறுக்காமல் போய் எதிர் மனை ஓரத்தில் நின்றது. நீதிமன்ற உத்தரவு நிறைவேறியது என்று வாதி எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அக்கா கட்டையை ஊன்றி வெளியே வந்து, கேட்டிலிருந்து குழாய் வரைக்கும் டேப்பைப் பிடிக்கச் சொல்லி அளந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஸ்கூட்டி சத்தத்தில் எழுந்தேன். அக்கா நீல யூனிபார்ம் போட்டிருந்தார். இட்லித் தட்டை இந்தத் தடவை கேட் வழியாகக் கொடுக்கவில்லை. தெருவைத் தாண்டி ஓட்டி வந்து என் வாசலில், கிழக்கு வாசலில், வைத்துவிட்டுப் போனார். ஆயுத பூஜைக்கு இன்னும் பல நாள் இருந்தது.

கழகத்துக்குக் கொடுத்த நோட்டீஸுக்கு இரண்டு மாதம் முடிந்த அன்று வக்கீல் ஓடி வந்தார். செல்லாது என்று அவர்கள் சொன்னால் ஆகிவிடுமா, இன்றிலிருந்து வழக்குப் போடலாம், ஆறு மாதம் முடியும் வரை கதவு திறந்திருக்கும் என்றார். கேட்டில் பூட்டுத் தொங்கியது. அக்கா வேலைக்குப் போயிருந்தார். அவர் வந்ததும் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். அக்கா அன்றைக்கு ஓவர்டைம் பார்த்துவிட்டுக் களைத்து வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டார். இப்படியே அந்தக் கதவு மூடிக்கொண்டது. மூடிய தேதியை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு விடுமுறை நாளில் அக்கா என்னை ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்து வேலப்பன்சாவடிப் பக்கம் ஓர் இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போனார். எனக்கு ஆதார் எடுக்க. விலாசத்துக்கு என்ன காகிதம் இருக்கிறது என்று அங்கிருந்த பெண் கேட்டது. நான் கோர்ட் உத்தரவைக் கொடுத்தேன். என் பெயரும் நான் குடியிருக்கும் இடமும் சேர்ந்து அச்சாகியிருந்தது அந்த ஒரு காகிதத்தில்தான். அந்தப் பெண் முழுதாகப் படித்தது. இந்த இடத்திலிருந்து எடுக்கச் சொல்லியல்லவா இருக்கிறது, அப்படியென்றால் இது பழைய விலாசமா, புது விலாசமா என்று கேட்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பையிலிருந்து டேப்பை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"அதே விலாசம்தாம்மா" என்றார். "பதினாறு அடி தள்ளி."